இழுத்துக் கொடுத்தவள்

ஜூன் 9, ஞாயிறு

காலை ஐந்து மணிக்கு ரோலரில் ஏறினேன். மூன்று இரும்பு உருளைகளின் மேல் சைக்கிளை வைத்து, விழாமல், இடம் நகராமல் மிதிக்க வேண்டும். பந்தயத்தை விட்டு இருபது வருடமாகிறது. இதை மட்டும் விடவில்லை. இவர் பேப்பரோடு வந்து உட்கார்ந்து, "அம்பை வரைக்கும் போயிட்டு வந்தாச்சா? அப்பம் காப்பி போடலாம்லா?" என்றார். தினமும் ஊர் மட்டும் மாறும். நேற்று தென்காசி.

ஒன்பது மணிக்கு சாமுவேல் அண்ணன் போன் செய்தார். பியூலாவின் அண்ணன். வரும் ஆகஸ்ட் ஒன்றாம் தேதியோடு அவள் போய் இருபது வருடம். நான்காம் தேதி, அவள் விழுந்த அதே முப்பந்தல் சாலையில், அவள் பெயரில் பெண்களுக்கு ஒரு சைக்கிள் பந்தயம் நடத்தப்போகிறாராம்.

"ஒரு நினைவு மலர் போடுதோம், தங்கச்சி. அவளப் பத்தி ரெண்டு பக்கம் நீதான் எழுதணும். அவ எப்படி ஓட்டுனான்னு எனக்கு என்ன தெரியும்? நான் ரோட்டோரம் நின்னு கையத் தட்டுனவன். நீ கூடவே போனவ."

"சரிண்ணே."

"கடைசிப் பந்தயத்தையும் எழுதிரு. அந்தப் பொள்ளாச்சிப் பிள்ள குறுக்க வந்ததையும் எழுது, தப்பில்ல. நான் அவள என்னைக்கோ மன்னிச்சிட்டேன். வருசந்தோறும் கார்டு போடுதேன்லா."

கூடவே போனவள் இல்லை நான். முன்னால் போனவள். அதை அண்ணனிடம் திருத்தவில்லை.

ஜூன் 10, திங்கள்

எழுத உட்கார்ந்தேன். உளுந்து ஊறிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

இன்று எழுதியது:

"பியூலா தூத்துக்குடிக்காரி. பதினான்கு வயதில் உப்பு லாரிகளின் பின்னால் சைக்கிள் ஓட்டிப் பழகியவள். லாரி காற்றை உடைத்துக்கொண்டு போகும். அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் ஒட்டிக்கொண்டால் காற்றே இருக்காது. துறைமுகத்து வாசலில் லாரி வேகம் குறையும்போது சட்டென்று வெளியே வந்து அதை முந்துவாள். எண்பது கிலோமீட்டர் பந்தயமானாலும் கடைசி இருநூறு மீட்டரில் முடிவு செய்கிற அவளுடைய ஓட்டம் அங்கே பிறந்தது."

மலருக்கு இது போதும். அவள் சொன்ன விதம் வேறு. "உள்ள போயிட்டா சத்தமே இருக்காதுட்டி. ஆராதன முடிஞ்ச சர்ச்சுக்குள்ள நிக்க மாதிரி இருக்கும்." உப்புத்தூள் பறந்து உதடு வெளுத்துப்போகும். லாரியில் தொங்கும் கிளீனர்கள் கெட்ட வார்த்தை சொல்வார்கள். இவள் அதைவிடக் கெட்டதாகத் திருப்பிச் சொல்வாள். அந்த வார்த்தைகளை எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். இன்றுவரை ஒன்றைக்கூட நான் பயன்படுத்தவில்லை.

பதினாறில் மாவட்டம், பதினேழில் மாநிலம், பத்தொன்பதில் எங்கள் துறையின் அணி. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அதே வாரம் நானும் சேர்ந்தேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு கோச் என்னிடம் சொன்னார்: "உனக்கு நல்ல இழுப்பு இருக்கு. முடிப்பு இல்ல."

ஜூன் 17, திங்கள்

ஆபீஸ். ஓய்வூதியக் கோப்புகள். கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 22, சனி

எங்கள் வேலை எப்படிப்பட்டது என்று மலர் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டும். தெரியாதவர்களுக்கு சைக்கிள் பந்தயம் என்றால் எல்லோரும் தனித்தனியாக மிதிப்பது.

முடிக்கிறவளுக்கு முன்னால் இழுத்துக் கொடுக்கிறவள் ஒருத்தி வேண்டும். பியூலாவுக்கு நான் இருந்தேன், லாரிக்குப் பதிலாக. கடைசி இரண்டு கிலோமீட்டர் நான் காற்றை முகத்தில் வாங்குவேன். அவள் என் பின்சக்கரத்தை ஒட்டி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு மறுபக்கமாக ஒரு சாண் தள்ளி, ஒளிந்து வருவாள். இருநூறு மீட்டரில் நான் காற்று வரும் பக்கமாக விலகுவேன். அவள் முன்னால் பாய்வாள். கோட்டைத் தாண்டிக் கையை உயர்த்துவாள். ஒவ்வொரு படத்திலும் அவள் கைக்கு அடியில், தூரத்தில், மங்கலாக ஒரு தலைக்கவசத்தின் உச்சி தெரியும். அது நான். எட்டு வருடத்துப் படங்களில் என் முகம் ஒன்றில்கூட இல்லை.

இழுக்கிறவளுக்கு ஒரே ஒரு விதி: திரும்பிப் பார்க்கக் கூடாது. தலை வலப்பக்கம் திரும்பினால் தோள் இறங்கும், கை தானாக இழுக்கும், சைக்கிள் வலப்பக்கம் போகும். ஓட்டுகிறவளுக்கே அது தெரியாது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், இன்னொருத்தியின் சக்கரம் அங்கே இருக்கும்போது, ஒரு சாண் போதும்.

அப்படியென்றால் அவள் பின்னால் இருக்கிறாளா என்று எப்படித் தெரியும்? சத்தம்தான். அவள் மிதிப்பதை ஒரு நொடி நிறுத்தினால் அவளுடைய பின்சக்கரம் டிக் டிக் என்று உரக்கச் சொல்லும். பழைய சக்கரம். அதை மாற்றவே மாட்டாள். காற்றில் அதுவும் கேட்காவிட்டால் அவளே கத்துவாள்: "திரும்பாதட்டி, நான் இருக்கேன்."

நான் திரும்பியதே இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

அடுப்படியில் டிக் டிக் என்று கேட்டது. குழாய் ஒழுகுகிறது என்று வாஷர் வாங்கி வரச்சொன்னேன். இவர் மாட்டிவிட்டு, "குழாய் நல்லாத்தான இருந்துச்சு" என்றார்.

ஜூன் 30, ஞாயிறு

சாமுவேல் அண்ணன் வந்தார். கையில் கருவாடு, மக்ரூன். டாக்ஸியின் மேல் பியூலாவின் சைக்கிள்.

"மலர் வெளியீட்டுல இத நிறுத்தி வைக்கலாம்னு நினைக்கேன். கொஞ்சம் தொடச்சி, எண்ணெய் போட்டுத் தா. எனக்குக் கை வரமாட்டேங்கு."

ஹாலில் கவிழ்த்து வைத்தோம். இருபது வருடம் அவர் வீட்டு மாடியறையில் இருந்தது. பின்சக்கரத்தை அண்ணன் விரலால் ஒரு சுற்று சுற்றினார். டிக் டிக் டிக் டிக். வெகு நேரம் ஓடியது. "பால் பொங்குது" என்று உள்ளே போனேன். அடுப்பில் பால் வைத்திருக்கவில்லை.

முன்சக்கரம் கோணியபடியே இருக்கிறது. டயரின் ஓரத்தில், கம்பிகளின் அருகே, ரப்பர் தீய்ந்த தடம். உள்ளங்கை நீளம். துடைத்தால் போகவில்லை. தடம் இடப்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பொள்ளாச்சிப் பெண் கலாமணி வந்தது வலப்பக்கத்தில். நான் இதை இங்கே குறித்து வைக்க மட்டும் செய்கிறேன்.

காப்பி குடித்துக்கொண்டே அண்ணன் சொன்னார்: "தங்கச்சி, இன்னொரு காரியம். அந்தக் கலாமணியையும் கூப்பிடணும். கூட்டத்துக்கு முன்னால, மேடையில வச்சு, அவ கையப் புடிச்சி நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லணும். கார்டுல சொன்னா எனக்கு மனசு ஆறல. அவ ஒருக்காகூட பதில் போடல பாத்துக்க. நீ பேசு. நீயும் ரைடர், அவளும் ரைடர். நீ கூப்பிட்டா வருவா."

இவர் என்னைப் பார்த்தார். நான் சைக்கிளைப் பார்த்தேன்.

"பேசுதேண்ணே."

ஜூலை 3, புதன்

கலாமணிக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்து, பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டாள்.

அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கோவை அணி. பந்தயம் முடிந்து மூன்றாம் நாள் விசாரணை. விருந்தினர் மாளிகையில், நீளமான மேசைக்குப் பின்னால் சைக்கிள் சங்கத்துக்காரர்கள் மூன்று பேர். கலாமணி கழுத்தெலும்பு முறிந்து, கையைத் துணித் தொட்டிலில் கட்டி வந்திருந்தாள். பியூலாவை நெருக்கி விழவைத்தாள் என்று அவளுக்கு இரண்டு வருடத் தடை. அந்த மாதம் வரவிருந்த வேலை உத்தரவு வரவில்லை. பிறகு அவள் ஓட்டவே இல்லை.

என்னையும் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

ஜூலை 7, ஞாயிறு

முன் உருளையின் நடுவில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டேன். அதன் மேல் சக்கரம் ஓடும்படி வேகம் பிடித்தேன். பிறகு வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தேன்.

நிமிர்ந்து பார்க்கும்போது சக்கரம் கோட்டுக்கு வலப்பக்கம் நான்கு விரல் தள்ளியிருந்தது. மறுபடி செய்தேன். ஒரு சாண். மூன்றாவது முறை உருளையின் விளிம்பைத் தாண்டி ஸோபாவின் மேல் விழுந்தேன்.

இவர் ஓடிவந்தார். "எதப் பாக்கத் திரும்புன? பின்னால செவருதான இருக்கு?"

"சத்தம் கேட்டுச்சு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே, மங்கை."

முழங்காலில் ஐஸ் வைத்தார். கேள்வி கேட்காமல் வைத்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 8, திங்கள்

குளியலறையில் வழுக்கியதாக ஆபீஸில் சொன்னேன்.

ஜூலை 13, சனி

மலரில் பெல்ஜியம் வர வேண்டும் என்று அண்ணன் நினைவுபடுத்தினார். பியூலாவின் கடிதங்களை எடுத்தேன். 2003இல் அங்கே ஒரு சின்ன அணி அவளை ஒரு வருடத்துக்கு எடுத்தது. சைக்கிள் ஓட்டுவதே வேலை. மாதச் சம்பளம், தங்க ஒரு மாடியறை. எங்கள் பக்கத்திலிருந்து அப்படிப் போன பெண் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான்.

"இங்க காத்து நம்ம முப்பந்தல் காத்தையும் தோக்கடிச்சிரும், கூட மழை வேற. ரோட்டுல கல்லு பாவிருக்கானுவ. பல்லெல்லாம் ஆடுது. கெட்டில்ல அரிசி போட்டுப் பொங்குதேன். நேத்து ஒரு கிராமத்துப் பந்தயத்துல ஜெயிச்சேன். ஒரு பூச்செண்டும் ஒரு முழுப் பன்னித் தொடையும் குடுத்தாங்க. தூக்கிட்டு மாடியேற முடியல. ஆனா இவளுவ முந்நூறு மீட்டர்லயே என்ன விட்டுட்டு ஓடிருதாளுவ. நீ இருந்தா நான் இன்னும் ஏழு ஜெயிச்சிருப்பேன். எண்ணிப் பாத்துட்டேன்."

அடுத்த வருடம் ஜூலையில், விசா புதுப்பிக்க ஊருக்கு வந்தாள். கையில் இரண்டாம் ஒப்பந்தம். பாளை மார்க்கெட்டில் மாம்பழம் வாங்கி, வழியிலேயே கடித்துத் தின்றுகொண்டு சொன்னாள்: "உன்னையும் எடுத்துக்கச் சொல்லிக் கேட்டேன்ட்டி. இழுக்கதுக்கு ஆள் அங்கயே கெடைக்கும்னுட்டானுவ." சிரித்தாள். நானும் சிரித்தேன். சாறு அவள் முழங்கை வரைக்கும் வழிந்தது.

அடுத்த ஞாயிறு முப்பந்தல் பந்தயம். அதில் முதலாவது வருகிறவளுக்கு இந்திய அணியின் முகாமில் இடம். பியூலாவுக்கு அந்த இடம் தேவையே இல்லை. பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று ஓட்ட வந்தாள்.

எட்டு வருடத்தில் நான் கோட்டை முதலாவதாகத் தாண்டிய தடவைகளை அவள் எண்ணியிருக்க மாட்டாள். எண்ண ஒன்றும் இல்லை.

இந்தப் பத்தி மலருக்கு வேண்டாம்.

ஜூலை 19, வெள்ளி

கோயம்புத்தூரில் விடுதியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதாக லீவு போட்டேன். உடுமலையில் இறங்கி பஸ் மாறி, நெகமம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கலாமணி இப்போது அங்கே வேன் ஓட்டுகிறாள். மூன்று மணி. வாசலில் மஞ்சள் வேன் நின்றது. அவள் வாளித் தண்ணீரில் துணியை நனைத்துப் பக்கக் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பருத்திருக்கிறாள். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கிறது.

"கலாமணி... நான் மங்கையர்க்கரசி."

துணியைப் பிழிந்தாள். "தெரியுதுங்க்கா. உங்க முதுகுதான் எனக்கு நல்லாப் பழக்கம். மூஞ்சியச் சரியாப் பாத்தது ஒரே ஒருக்காத்தான்."

நான் பையைத் தோள் மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"உக்காருங்க. வெயிலுக்குள்ள எதுக்கு நிக்கறீங்க?" என்று வேன் படியைக் காட்டினாள். உட்கார்ந்தேன். அண்ணன் சொல்லியனுப்பியதைச் சொன்னேன். பந்தயம், மலர், மேடை. அவர் கூட்டத்துக்கு முன்னால் அவளை மன்னிக்க விரும்புவது.

"இன்னொருக்காவுங்களா?"

ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் இருந்த பெட்டியைத் திறந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்தாள். புறா, லில்லிப்பூ, சிலுவை போட்ட கார்டுகள்.

"பத்தொம்பது இருக்குதுங்க. ஒவ்வொரு ஆகஸ்டு ஒண்ணுக்கும் டாண்ணு வந்துரும். 'கலாமணி, உன்னை முழுமனதோடு மன்னிக்கிறேன்.' கலியாணமாகி ரெண்டாவது மாசம் ஒண்ணு வந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு கையில கெடச்சிருச்சு. 'அப்படி என்ன பண்ணிப்போட்டு வந்திருக்கற?'ன்னு கேட்டாரு. கொலைன்னு சொல்றதுங்களா, தப்புன்னு சொல்றதுங்களா? நான் பண்ணாததுக்கு எந்தப் பேரு வெக்கறது?"

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே."

"பாவம், அந்த மனுசன் நெசமாத்தான் எழுதறாரு. எழுத்தப் பாத்தாலே தெரியுமுங்க. கிழிக்க மனசு வரல."

பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். அன்றைக்குக் காற்று இடப்பக்கமிருந்து அடித்தது. பியூலா என் வலப்பக்கம் ஒளிந்திருந்தாள். கலாமணி அவளுக்கும் வலப்பக்கத்தில் ஏறிவந்துகொண்டிருந்தாள். இருநூற்று ஐம்பது மீட்டர் பலகை தாண்டியது.

"அப்பத்தானுங்க உங்க மூஞ்சியப் பாத்தேன். தாடை தோள் மேல வந்துச்சு. கண்ணு எங்களத் தேடுச்சு. அப்பறம் உங்க பின்சக்கரம் வந்துச்சு. அவங்க என்ற மேல விழுந்தாங்க. விசாரணையில இதத்தான் சொன்னேன். 'அந்த வேகத்துல மூஞ்சியப் பாத்தியாம்மா? நீ ஓட்டுனயா, போட்டோ எடுத்தயா?'ன்னு சிரிச்சாங்க. அப்பறம் உங்களக் கேட்டாங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

இருக்கிறது. மூன்றாம் தேதி நான் இங்கே எழுதியது சரியில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை. நடுவில் இருந்தவர் கேட்டார்: "கலாமணி வலப்பக்கமிருந்து உள்ளே நெருக்கினதாலதானேம்மா பியூலா விழுந்தது?" நான் தலையை ஆட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

"நான் எழுதிக் கொடுக்கிறேன், கலாமணி. சங்கத்துக்கு, எல்லாருக்கும்."

"எழுதறது உங்க இஷ்டமுங்க. நான் கேக்கமாட்டேன். நாப்பத்தி மூணு வயசுல எனக்கு வேலை உத்தரவு வரப்போகுதா?" பள்ளிக்கூட மணி அடித்தது. அவள் எழுந்து கார்டுக் கட்டை என் மடியில் வைத்தாள். "இது உங்க கடுதாசிங்க்கா. வெலாசம் மாறி இத்தன வருசமா எனக்கு வந்துட்டிருக்குது. கொண்டுபோங்க."

குழந்தைகள் ஓடிவந்தார்கள். "மிஸ், இது யாரு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"என்ற கூடச் சைக்கிள் ஓட்டுனவங்க. ஏறு கண்ணு. கைய வெளிய நீட்டாத."

வேன் கிளம்பியது. பக்கக் கண்ணாடியில் அவள் கண் ஒரு கணம் என்னைப் பார்த்தது. தலை திரும்பவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ரோலரில் ஏறவில்லை. கார்டுகளை வருட வரிசையில் அடுக்கினேன். எல்லாவற்றிலும் ஒரே வாசகம். 2011இல் மட்டும் கூடுதலாக ஒரு வரி: "எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். அவளுக்கு சைக்கிள் வாங்கித் தரமாட்டேன்."

கலாமணியைப் பார்த்ததை இவரிடம் சொன்னேன். அவள் சொன்னதையும். கேட்டுவிட்டு, "அண்ணங்கிட்ட நான் கூட வரட்டா?" என்றார். வேண்டாம் என்றேன்.

ஜூலை 28, ஞாயிறு

துடைத்த சைக்கிளைப் போன வாரமே அண்ணன் எடுத்துப் போயிருந்தார். இன்று காலை தூத்துக்குடிக்குப் போனேன். மதினி சர்ச்சிலிருந்து வரவில்லை. அண்ணன் மாடியறையில் சைக்கிளுக்கு ஒரு மரத்தாங்கி செய்துகொண்டிருந்தார். காதில் பென்சில்.

"வா தங்கச்சி. எழுதிட்டியா? அச்சுக்கு நாளைக்குக் குடுக்கணும். அவ வாராளா?"

கார்டுக் கட்டைக் கொடுத்தேன். ரப்பர் பேண்டைக் கழற்றிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "வேண்டாம்னுட்டாளா? அவ்வளவு வெறுப்பா?"

"அண்ணே, இது அவளுக்குச் சேர வேண்டியதில்ல. எனக்குச் சேர வேண்டியது."

அவருக்குப் புரியவில்லை. முன்சக்கரத்தைக் காட்டினேன். இடப்பக்கத்துத் தடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன். காற்று எந்தப் பக்கம், பியூலா எந்தப் பக்கம், நான் எங்கே, கலாமணி எங்கே என்று அவர் மேசையில் இருந்த ஆணிகளை வைத்துக் காட்டினேன். நான் திரும்பினேன் என்று சொன்னேன். விசாரணையில் தலையாட்டியதையும் சொன்னேன்.

அவர் ஒரு ஆணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கீழே தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போனது கடைசி வரை கேட்டது.

"எதுக்குத் திரும்புன, மங்கை?"

முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "அவ பத்திரமா வாராளான்னு பாத்திருப்ப. என்ன? அந்தக் காத்துல சக்கரச் சத்தம் கேட்டிருக்காது. அங்க கரண்டு காத்தாடி வேற இரையும். பிரியத்துலதான் திரும்பியிருப்ப. அப்படித்தான?"

அவர் கண் என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது ஒரு தடவை மேலும் கீழும் அசைந்தால் போதும், அவருக்கு. அன்றைக்கும் இப்படித்தான் கேட்டார்கள், பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து. இந்த வாரம் முழுக்க நான் சொல்லிப் பார்த்துவைத்த பதிலும் இதுதான். இந்த நோட்டில்கூட அதைத்தான் எழுதியிருப்பேன்.

"இல்லண்ணே."

"பொறவு?"

"சத்தம் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. அவ பின்னாலதான் இருக்கான்னு தெரியும். கொஞ்சம் பிந்தியிருந்தா, அவ இல்லன்னா, விலகாம நானே முடிச்சிரலாமேன்னு இருந்துச்சு. இருக்காளான்னு பாக்கத் திரும்பல. இல்லாமப் போயிருக்காளான்னு பாக்கத் திரும்புனேன்."

ஆணி அவர் கையிலிருந்து விழுந்தது.

"இருந்தாளா?"

"இருந்தா. என் முகத்தப் பாத்தா. வாயத் தொறந்தா."

"என்ன சொன்னா?"

"சொல்லலண்ணே. 'திரும்பாதட்டி'ன்னு சொல்ல வந்திருப்பா."

அவர் சைக்கிளின் பக்கம் திரும்பி, பின்சக்கரத்தின் மேல் கையை வைத்தார். அது சுழலாதபடி அழுத்திப் பிடித்துக்கொள்வதுபோல் பிடித்திருந்தார். கையை எடுக்காமலே, "மதினி வாரதுக்குள்ள கிளம்பு. சாப்பிட்டுட்டுப் போன்னு சொல்லுவா" என்றார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மேலேயிருந்து குரல் வந்தது. "நாலாந்தேதி நீ வராண்டாம்."

ஜூலை 30, செவ்வாய்

சங்கத்துக்கும் எங்கள் துறைக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். ஒன்றரைப் பக்கம். நகல் கலாமணிக்கு.

ஆகஸ்ட் 1, வியாழன்

மாலையில் கலாமணி போன் செய்தாள்.

"இந்த வருசம் கார்டு வரலீங்க்கா. போன் வந்துச்சு. அந்த அண்ணன். வண்டி ஓட்டறப்பப் பேசமாட்டேனுங்கன்னு சொல்லிப்போட்டு, ஓரங்கட்டி நிறுத்திட்டுப் பேசுனேன். என்னைய மன்னிச்சுக்கம்மான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"பின்னால இருபத்தேழு கொழந்தைங்க கத்துதுங்க. என்னத்தச் சொல்றது? சரிங்கன்னேன்." குரலை இறக்கினாள். "உங்க கடுதாசியும் வந்துச்சுங்க. எங்க ஊட்டுக்காரரு ரெண்டு தடவ படிச்சாரு. மடிச்சு பீரோவுல வெச்சிருக்கறாரு, ரேசன் கார்டு கூட."

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போகவில்லை. மெத்தை உறைகளைத் துவைத்தேன். ஆடிக் காற்றில் அரை மணியில் காய்ந்துவிட்டன.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மதினி யாரிடமோ மலரைக் கொடுத்தனுப்பியிருந்தார். எனக்கென்று ஒதுக்கிய இரண்டு பக்கத்தில் எழுத்தே இல்லை. பியூலா கைகளை உயர்த்திக்கொண்டு கோட்டைத் தாண்டும் படம், பக்கங்களின் குறுக்கே பெரிதாக. அவள் கைக்கு அடியில், தூரத்தில், ஒரு தலைக்கவசத்தின் உச்சி. வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை.

மேடையில் கலாமணியின் பெயரைச் சொல்லி, அவள்மேல் தவறில்லை என்று அண்ணன் அறிவித்தாராம். என் பெயரைச் சொல்லவில்லையாம். கலாமணி வரவில்லை.

நவம்பர் 18, திங்கள்

சங்கத்திலிருந்து பதில். அந்த வருடத்துக் கோப்பு கைவசம் இல்லை என்று இரண்டு வரி. எங்கள் ஆபீஸில் இரண்டு பேர் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. மற்றவர்கள் மிகவும் அன்பாக இருக்கிறார்கள்.

டிசம்பர் 25, புதன்

தூத்துக்குடியிலிருந்து கேக் வரவில்லை. இருபது வருடத்தில் முதல் முறை. இவர் கடையில் ஒன்று வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைத்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

லீவு போட்டேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் சொந்த வேலை என்று எழுதினேன்.

காலையில் ரோலர். நாற்பது நிமிடம். சக்கரம் கோட்டின் மேலேயே ஓடியது. பின்னால் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பவில்லை.

பதினொன்றரைக்குத் தபால்காரர் வந்தார். ஒரு கல்யாணப் பத்திரிகை, இவருக்கு ஒரு வங்கிக் கடிதம். வேறு எதுவும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லையேக்கா. ஏதும் எதிர்பாக்கியளா?"

"ஒரு கார்டு."

நல்ல மனிதர். வெயிலில் சைக்கிளை நிறுத்தி, பையை முழுதாகத் திறந்து, கையை அடி வரைக்கும் விட்டுத் தேடினார்.